பட்டர்விக் இன்னில் தோசை வார்த்த ஞாயிறு

முன் கேட்டைத் திறந்தால் வெளியே ஜனம் நிற்கிறது.

சில வருஷங்களுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில்கூட இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை. நான் வழக்கம்போல சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வந்து, சமையலறைப் பக்கமாக உள்ளே நுழைந்து, கைப்பையை ரிசப்ஷனில் வைத்துவிட்டு, முன் கேட்டின் சங்கிலியைக் கழற்றினேன். எதிர்வீட்டு மதில் முடிகிற வரைக்கும் வரிசை. அரை டிராயர் போட்ட பையன்கள், இடுப்பில் குழந்தை வைத்த பெண்கள், ஒரு தாத்தா, இரண்டு நாய்கள். நாய்களும் வரிசையில்தான் நின்றன.

யாரோ பெரிய மனிதர் எங்கள் ஹோட்டலில் தங்கியிருந்து, போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்றைக்குத் தங்கியிருந்ததே மைசூரிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு தம்பதி மட்டும். இருவரையும் கொஞ்சம் முன்னால்தான் உயிரோடு பார்த்திருந்தேன். சர்க்கரை போடாத காபி கேட்டார்கள்.

வரிசையில் முதலில் நின்றவர் சிரித்த முகத்தோடு கேட்டார்:

"மேடம், பெண்ணெ தோசெ எஷ்டொத்திகெ ஸ்டார்ட் ஆகுத்தெ?"

வெண்ணெய் தோசை எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்று கன்னடத்தில் கேட்கிறார். எங்களிடம் வெண்ணெய் உண்டு, நிறையவே உண்டு. தோசைதான் கிடையாது. இந்த இன் ஆரம்பித்த நாளிலிருந்து அதன் அடுப்பில் ஒரு தோசைகூட வெந்ததில்லை.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, திறந்த கேட்டை மறுபடி மூடினேன்.

குதிரைகளுக்காகக் கட்டிய இன்

இந்த இடத்தில், தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் புவனேஸ்வரி. பெங்களூர் கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இயங்கும் பட்டர்விக் இன்னில் ரிசப்ஷனிஸ்டாக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஒரு நரைமுடிகூட இல்லை. இப்போது கணக்கை விட்டுவிட்டேன்.

பட்டர்விக் என்பவர் ஒரு குதிரை டாக்டர் என்று சொல்வார்கள். பட்டாளத்துக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். குதிரைக்கு உடம்பு தேற நாளாகும். அதுவரை குதிரைக்காரர்களும் இங்கேயே தங்கினார்கள். தங்கினவர்களுக்குப் பசித்தது. திருமதி பட்டர்விக் சமைத்துப் போட்டார். அப்படித்தான் இன் உண்டானது. ஆக எங்கள் முதல் விருந்தாளிகள் குதிரைகள். மனிதர்கள் அவற்றுக்குத் துணையாக வந்தவர்கள்.

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் எங்கள் ரூம் கதவுகளைப் பார்க்கலாம். எல்லாம் லாயத்துக் கதவுகள். மேல் பாதி தனி, கீழ் பாதி தனி. கீழ்ப்பாதியைத் தாழ் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்ட புதுமணத் தம்பதிகள் உண்டு. அதற்காகவே சாவி கொடுக்கும்போது "மேலயும் சாத்துங்க" என்று சொல்லிப் பழகிவிட்டேன். இப்போதெல்லாம் வீட்டில் பிரிட்ஜைக் காட்டிக்கூட அப்படித்தான் சொல்கிறேன்.

பட்டர்விக் குடும்பத்தின் கடைசி வாரிசான ஒரு வயதான மிஸ், இந்த இடத்தை எங்கள் முதலாளியம்மா பத்மாவதி மேடத்தின் மாமனாருக்கு விற்றார். பெயரை மாற்றக்கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. மாமனார் ஒத்துக்கொண்டார். ஆனால் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. "பட்டர்விக்" என்ற பெயர் ஆட்டோக்காரர்கள் வாயில் "பட்டர்" ஆயிற்று. பிறகு பட்டர் ஹோட்டல். கன்னடத்தில் பெண்ணெ ஹோட்டல்.

வரவேற்பறையில் பெரிய படம் ஒன்று தொங்குகிறது. மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் ஒரு நாய். பார்க்கிறவர்கள் எல்லோரும் அவரைத்தான் பட்டர்விக் என்று நினைப்பார்கள். தலை சுத்த வழுக்கை. "பேர்ல இருக்கிற விக் எங்க மேடம்?" என்று கேட்காத இளைஞர்கள் குறைவு.

உண்மை என்னவென்றால், ஒரு பழைய இன்னுக்கு நிறுவனர் படம் இல்லாமல் இருக்கக்கூடாது என்று மாமனார் சிவாஜிநகரில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டியது அது. ஒரு தடவை இங்கிலாந்திலிருந்து வந்த பயணி ஒருவர் உற்றுப் பார்த்துவிட்டு, "இது பேண்டு வாத்தியம் வாசிப்பவர்கள் போடுகிற உடுப்பு ஆயிற்றே" என்றார். மேடம் கண்ணை இமைக்கவில்லை. "எஸ், ஹீ வாஸ் வெரி மியூசிக்கல்" என்றார்.

டை கட்டாதவர்க்குச் சோறு இல்லை

இன்னை விடப் புகழ் வாய்ந்தது அதன் டைனிங் ஹால். வெள்ளை மேஜை விரிப்பு, கஞ்சி போட்டு நிமிர்ந்து நிற்கும் நாப்கின், ஒரு தட்டுக்கு இரண்டு பக்கமும் கத்தி முள்கரண்டிகளின் அணிவகுப்பு. சாப்பாடு சூப்பில்தான் தொடங்கும். நம் மிளகுத்தண்ணி வெள்ளைக்காரன் கையில் போய், பெயரைத் தொலைத்து, காரத்தைத் தொலைத்து, கிண்ணத்தில் உட்கார்ந்து திரும்பி வந்ததே ஒரு சூப், அதேதான்.

ஆண்கள் டை கட்டாமல் உள்ளே வரக்கூடாது. மறந்து வருகிறவர்களுக்கு என் மேஜை டிராயரில் டைகள் இருக்கும். எல்லாம் மேடத்தின் காலஞ்சென்ற கணவருடையவை. அவர் அகலமான டைகளின் பிரியர். சிலதைக் கட்டினால் சட்டை போட அவசியமே இருக்காது.

இத்தனைக்கும் மேல், சமையலறையில் சூசை அண்ணா.

சூசை அண்ணாவுக்கு அப்போதே அறுபது நெருங்கியிருக்கும். இதே ஊர் அடுகோடிக்காரர். அவர் செய்த மட்டன் கட்லெட்டுக்காக டெல்லியிலிருந்து ஃபிளைட் பிடித்து வந்தவர்கள் உண்டு. அவர் செய்த ஆட்டுக்கறி ரோஸ்ட்டின் மேல் ஊற்றும் புதினா சாஸுக்காகச் சண்டை போட்டுக்கொண்ட ஒரு அண்ணன் தம்பியை நானே விலக்கிவிட்டிருக்கிறேன். தலையில் உயரமான வெள்ளைத் தொப்பி. அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. "தூங்கறப்பவாவது எடுப்பீங்களாண்ணா?" என்று ஒருநாள் கேட்டேன். "அது வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த வருஷம் டைனிங் ஹால் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் புதிது புதிதாக உணவகங்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், மாடியில் செடிகளுக்கு நடுவில் சாப்பிடலாம். எங்களிடம்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஆட்கள் குறைந்தார்கள். பல நாள் சூசை அண்ணா வைக்கிற சூப்பை நாங்களே குடித்தோம்.

சிங்கப்பூரில் இருக்கும் மேடத்தின் மகன் ஒரு யோசனை சொன்னார். டைனிங் ஹாலை மூடிவிட்டு, கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு உட்காருகிற இடமாக மாற்றிவிடலாம் என்று. பீன் பேக் போடுவாராம். சோளமூட்டை மாதிரி இருக்குமே, அதில் விழுந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும், அதுதான்.

மேடம் ரொம்ப நாள் தள்ளிப் போட்டார். கடைசியில் ஒத்துக்கொண்டார். அந்த மாதக் கடைசியோடு சமையலறை மூடுவது என்று முடிவு.

சூசை அண்ணாவிடம் சொன்னபோது அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "சரிங்க மேடம்" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் வெங்காயமே நறுக்கினார். அன்றைக்கு மெனுவில் அவ்வளவு வெங்காயத்துக்கு வேலையே இல்லை.

கௌதம் செய்த காரியம்

இப்போது கேட்டுக்கு வருவோம்.

உள்ளே ஓடி வந்த என் பின்னால் ஒரு பையன் கேட்டை எகிறிக் குதித்து வந்தான். தெரிந்த முகம். முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம், லஞ்ச் முடிந்த பிறகு வந்து, படத்தையெல்லாம் போனில் எடுத்துக்கொண்டு, "டிஃபன் எப்ப மேடம்?" என்று கேட்டவன். முட்டை, டோஸ்ட் பிரேக்ஃபாஸ்ட்டை நினைத்து, வெளியாட்களுக்கு ஞாயிறு காலை மட்டும் என்று நான்தான் சொன்னேன். பெயர் கௌதம். தர்மபுரிக்காரன். ஊர் ஓரத்து ஹெப்பகோடியில் நான்கு பேரோடு அறை எடுத்துத் தங்கி, பக்கத்தில் ஏதோ கம்பெனியில் வேலை.

"மேடம், என்னைத் திட்டாதீங்க" என்றுதான் ஆரம்பித்தான்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை அவன் சிவாஜிநகரில் ஒரு ஆட்டோவில் ஏறி, "பெண்ணெ தோசை நல்லா கிடைக்கிற இடம் போங்க" என்றிருக்கிறான். ஆட்டோக்காரர் காதில் விழுந்தது முதல் சொல் மட்டும். நேராக இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார். பையன் பங்களாவைப் பார்த்தான், மீசைக்காரரைப் பார்த்தான், மெய்சிலிர்த்துப் போனான். 'வெள்ளைக்காரன் காலத்துப் பெண்ணெ தோசை ஹோட்டல், பெங்களூர்லயே பழசு' என்று ஒரு ரீல் போட்டுவிட்டான். தோசையைச் சாப்பிடாமல், பார்க்காமல், இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல்.

"எவ்வளவு பேர் பார்த்தாங்க?" என்றேன்.

"எங்க ஊர் வாத்தியாரே மெசேஜ் போட்டுட்டார் மேடம்."

"இங்க தோசையே இல்லப்பா."

அவன் முகம் வெளுத்துப் போனது. "மேடம், கமெண்ட்ல என்னை உயிரோட விடமாட்டாங்க."

அதற்குள் பத்மாவதி மேடம் மாடியிலிருந்து இறங்கிவிட்டார். காலை ஏழு மணிக்கும் முத்துமாலை போட்டிருப்பவர். வீட்டாரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்து, "புவனா, வாட் இஸ் திஸ்? ஸ்டிரைக்கா? நம்ம கிட்ட ஸ்டாஃபே ஆறு பேர்தானே?" என்றார்.

"சாப்பிட வந்திருக்காங்க மேடம்."

"யாரு?"

"எல்லாருமே."

மேடம் திரும்பவும் ஜன்னலைப் பார்த்தார். இந்தத் தடவை வேறு மாதிரி பார்த்தார். அந்த டைனிங் ஹால் நிரம்பி அவர் பார்த்து எவ்வளவு காலமாயிற்றோ. "என்ன வேணுமாம்?" என்று மெல்லக் கேட்டார்.

சொன்னேன்.

மேடம் முத்துமாலையைச் சரிசெய்துகொண்டார். "போடச் சொல்லு" என்றார்.

இந்தியாவும் இலங்கையும்

சூசை அண்ணா மைசூர் தம்பதிக்கு முட்டையை வெந்நீரில் உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போனிலிருந்த கௌதமின் ரீலைக் காட்டினேன். அதில் தமிழில் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"பெண்ணே, தோசை... யாரம்மா அந்தப் பெண்ணு?"

"பெண்ணே இல்லண்ணா. பெண்ணெ. கன்னடத்துல வெண்ணெய்."

விஷயம் புரிந்ததும் அவர் தொப்பியை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். "இது ரெஸ்டாரண்ட்டு. டிஃபன் கடை இல்ல. நாலு ரோடு தள்ளிப் போனா தோசை கிடைக்கும், போய்ச் சாப்பிடச் சொல்லு."

"அண்ணா, மேடம் சொல்லிட்டாங்க. ஹால் நெறஞ்சா ஒருவேளை..." என்று இழுத்தேன்.

ஒருவேளை என்ற சொல் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. கரண்டியைக் கீழே வைத்தார். "வெளிய போ. கதவைச் சாத்திட்டுப் போ" என்றார்.

சாத்தினேன். ஆனால் எங்கள் சமையலறைக் கதவும் லாயத்துக் கதவுதான். மேல் பாதியைச் சாத்தவில்லை.

பான்கேக்குக்காகக் கரைத்து வைத்திருந்த மைதா மாவை எடுத்தார். பான்கேக் கல்லில் ஊற்றினார். கரண்டியின் அடிப்பக்கத்தால் இழுத்தார். மாவு கரண்டியோடு வந்துவிட்டது. மறுபடி ஊற்றினார். முதல் தோசை இந்தியா மேப் மாதிரி வந்தது. இரண்டாவதில் இலங்கையும் சேர்ந்து வந்தது. மூன்றாவதைத் திருப்பிப் போடப் பார்த்தார், அது அவருடைய ஷூவின் மேல் விழுந்தது.

அதற்கப்புறம் அவர் நான் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"எனக்குத் தோசை வராது, புவனா" என்றார்.

அவ்வளவு பெரிய சமையல்காரர் அதை அவ்வளவு சின்னக் குரலில் சொன்னார்.

"எப்படிண்ணா வராம போகும்?"

"சின்ன வயசுலயே இந்தக் கிச்சனுக்கு வந்துட்டேன். இங்க ரோஸ்ட்டு, ஸ்டூ, கட்லெட்டு. வீட்ல கல்யாணம் வரைக்கும் எங்கம்மா ஊத்துனாங்க. அப்புறம் பிலோமினா ஊத்துது. நடுவுல எனக்கு ஏது டைம்?" என்றவர், "வெளிய சொல்லிடாத" என்றார்.

"அண்ணா, வெளிய ஒரு ஊரே நிக்குது. நான் சொல்லாட்டியும் தெரிஞ்சிடும். அக்காவைக் கூப்பிடுங்க."

"வேணாம்."

"ஏன்?"

"வாழ்க்கை பூரா சொல்லிக் காட்டும்."

வெளியே கேட்டை யாரோ தட்டினார்கள். அவருடைய போனிலேயே நம்பரைப் போட்டு அவர் காதில் வைத்தேன். ஸ்பீக்கரிலும் போட்டேன். அதை அவர் கவனிக்கவில்லை.

"இன்னா? கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்டீங்களா?" என்றது அவர் மனைவி பிலோமினா அக்காவின் குரல்.

"கண்ணாடி இருக்குது. வீட்ல மாவு இருக்குதா?"

"இன்னா மாவு?"

"தோசை மாவு."

"யாருக்கு?"

"கேக்குறாங்க."

"அதான், யாரு கேக்குறாங்க?"

சூசை அண்ணா என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "பொதுமக்கள்" என்றார்.

"மாவு இருக்குது" என்றது அக்காவின் குரல். "சாயங்காலம் நம்ம வீட்ல ஜெபக் கூட்டம் வச்சிருக்கோமே, தெருவே வரும்னு ரெண்டு குண்டான் நெறைய ஆட்டி வச்சிருக்கேன். குடுத்துடுறேன், அவங்களுக்கு பிஸ்கட் போதும். ஆனா ஊத்தறது யாரு?"

அவர் குனிந்து ஷூவின் மேலிருந்த மாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நீங்களா?"

சிரிப்பை அடக்குகிற சத்தம் அடுகோடியிலிருந்து தெளிவாகக் கேட்டது.

"நானே வரேன். உள்ள வுடுவாங்களா? ஸ்டாஃபோட ஃபேமிலி அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்குதுன்னு சொல்வீங்களே?"

அப்படி ஒரு விதி எங்களிடம் இருப்பதை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். சூசை அண்ணா என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்:

"இன்னிக்கு ரூல்ஸைத் தளர்த்திட்டாங்க."

தோசைக்கு முன் சூப்

அடுகோடியிலிருந்து ஆட்டோ வந்து சேருகிற வரை கூட்டத்தைத் தாங்க வேண்டும். அந்தப் பொறுப்பை மேடம் எடுத்துக்கொண்டார்.

முதலில் டை. ஞாயிற்றுக்கிழமையானாலும் தோசையானாலும் சட்டம் சட்டம்தான். என் டிராயர் காலியானது. பனியனுக்கு மேல் டை, அரை டிராயருக்கு மேல் டை, ஃபுட்பால் ஜெர்சிக்கு மேல் பச்சைப் புள்ளி போட்ட டை. டை தீர்ந்துபோன பிறகு வந்தவர்களுக்கு மேடம் திரைச்சீலைக் கயிற்றைக் கொடுத்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. இதெல்லாம் அந்தக் கடையின் பழைய வழக்கம் என்று நினைத்துக்கொண்டு போட்டி போட்டுக் கட்டிக்கொண்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது வரலாறு. மீசைக்காரர் படத்தின் கீழே நின்று மேடம் குதிரைகளைப் பற்றிச் சொன்னார். நான் கேட்டேயிராத பகுதிகளும் அன்று வந்தன. ஒரு குதிரைக்கு நாட்டியம்கூடத் தெரிந்திருந்தது.

அப்புறம் சூப். ஆளுக்கொரு கிண்ணம். வரிசையில் நின்ற தாத்தா ஒருவர் ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு, "மேடம், இது ரசந்தானே?" என்றார். சமையலறைக்குள்ளிருந்து ஏதோ பாத்திரம் தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

பிலோமினா அக்கா வந்து இறங்கினார். ஆட்டோவில் இரண்டு குண்டான், மூடி மேல் துணி கட்டி, நடுவில் அக்கா. சர்ச் பூசைக்குப் போகக் கட்டியிருந்த நல்ல சேலை. முன் கேட் வழியாக உள்ளே வந்தவர், வரவேற்பறையில் ஒரு கணம் நின்று சுற்றிப் பார்த்தார். மேலே தொங்கும் விளக்கு, படிக்கட்டு, வெள்ளை விரிப்பு போட்ட மேஜைகள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போனார்.

"கல்லு எது?"

சூசை அண்ணா பான்கேக் கல்லைக் காட்டினார்.

"முட்டை வாடை வீசுது. தேய்ங்க."

தேய்த்தார்.

"இன்னொரு வாட்டி."

தேய்த்தார். அந்தச் சமையலறையில் சூசை அண்ணாவுக்கு யாரும் ஒரு வேலை சொல்லி நான் பார்த்ததில்லை. மேடமே 'முடியுமா சூசை?' என்றுதான் கேட்பார்.

முதல் கரண்டி மாவு கல்லில் விழுந்தது. அக்கா மணிக்கட்டை ஒரு சுழற்று சுழற்றினார். தோசை நிலா மாதிரி வட்டமாக உட்கார்ந்தது. மேலே வெண்ணெய். எங்களிடம்தான் வெண்ணெய்க்குப் பஞ்சமில்லையே.

"சட்னி?" என்றேன்.

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தோம். சட்னியை யாரும் நினைக்கவே இல்லை. தேங்காய் இல்லை, பொட்டுக்கடலை இல்லை. சூசை அண்ணா மெதுவாக பிரிட்ஜைத் திறந்து, ரோஸ்ட்டுக்கு ஊற்றும் புதினா சாஸ் ஜாடியை எடுத்தார்.

"வினிகர் போட்டதுண்ணா அது" என்றேன்.

"பச்சையா இருக்குதில்ல? வைய்யி" என்றார் அக்கா.

பூப்போட்ட பீங்கான் தட்டில் தோசை, ஓரத்தில் புதினா சாஸ், மேலே வெள்ளி மூடி. மேஜைக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தால் ஆவி பறக்கும். ஜனம் 'ஓ' என்று சத்தம் போட்டது. கத்தியாலும் முள்கரண்டியாலும் தோசையோடு கொஞ்ச நேரம் போராடிவிட்டுக் கையால் சாப்பிட்டார்கள். மேடம் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துவிட்டார். புதினா சாஸுக்கு 'வெள்ளைக்காரச் சட்னி' என்று கௌதமோடு வந்த ஹெப்பகோடிப் பையன்கள் அங்கேயே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஜன்னலோர மேஜையில் ஒரு பெரியவர் மட்டும் எதுவும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாவணகெரேக்காரர் என்று கேள்விப்பட்டதும் அவர் மேஜைப் பக்கம் போவதையே தவிர்த்தேன். பெண்ணெ தோசைக்குப் பிறந்த வீடே அந்த ஊர்தான். அவர் கடைசித் துண்டையும் மென்று விழுங்கி, வாயைத் துடைத்து, என்னைக் கூப்பிட்டார்.

"இது பெண்ணெ தோசெ அல்லம்மா" என்றார்.

கௌதம் ஒரு தூணுக்குப் பின்னால் போனான்.

"ஆதரெ இன்னொந்து கொடி" என்றார் பெரியவர்.

இது பெண்ணெ தோசை இல்லை, ஆனால் இன்னொன்று கொடுங்கள். அந்த ஹாலில் அன்றைக்கு எழுந்த சிரிப்பை இந்தப் பங்களா அதற்கு முன் கேட்டிருக்காது. குதிரைகள் சிரித்திருந்தால்தான் உண்டு.

இல்லாத விதி

இரண்டு குண்டானும் காலியாகி, கடைசி ஆளும் டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. டைகள் எல்லாவற்றிலும் வெண்ணெய்.

மேடம் சிங்கப்பூருக்குப் போன் போட்டார். எங்களுக்குக் கேட்டது ஒரு பக்கம் மட்டும். "நோ. நோ பீன் பேக்ஸ். மனுஷங்க உக்காந்துட்டாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். சமையலறை மூடுகிற பேச்சு அதோடு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தோசை, மற்றபடி பழைய சாப்பாடு என்பது அன்று ஏற்பட்ட ஏற்பாடு. இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. தோசை தின்ன வந்து, கட்லெட் வாசனை பிடித்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேஜை சொல்லி வைத்துவிட்டுப் போகிறவர்களால் இப்போது வார நாட்களிலும் ஹால் முக்கால்வாசி நிரம்புகிறது.

மேடம் சமையலறைக்கு வந்து, "பிலோமினா, சண்டேஸ் நீங்க இங்க வரணும். சம்பளம், ஆட்டோ எல்லாம் புவனா பேசுவா" என்றார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். "வரேம்மா. ஒண்ணே ஒண்ணு. அந்த ரூல்ஸை நிரந்தரமா எடுத்துடணும்."

"எந்த ரூல்?"

"ஸ்டாஃப் ஃபேமிலி உள்ள வரக் கூடாதுன்னு."

மேடம் என்னைப் பார்த்தார். நான் சூசை அண்ணாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பளபளவென்றிருந்த ஒரு பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி ஒரு ரூலே கிடையாதே" என்றார் மேடம்.

அக்கா புருஷன் பக்கம் திரும்பினார். மேடத்துக்குத் திடீரென்று மாடியில் வேலை வந்துவிட்டது. எனக்கு எந்த வேலையும் வரவில்லை, நின்றேன்.

"எத்தினி வருஷம்?" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சூசை அண்ணாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தெருவுல எல்லாரும் கேப்பாங்க. உன் வீட்டுக்காரர் சமையலுக்கு பாரின்காரனெல்லாம் வர்றானாமே, எப்படி இருக்கும்னு. எனக்கு இன்னா தெரியும்னு சொல்வேன்."

சூசை அண்ணா தொப்பியைக் கழற்றினார். நான் எதிர்பார்த்த அளவு வழுக்கை இல்லை.

"கல்யாணத்துலேர்ந்து உன் கைச் சமையல் சாப்ட்டு வாழறவன் நான்" என்றார். "ஊரே நல்லாருக்குன்னு சொல்லும். நீ சாப்ட்டுப் பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா நான் இன்னா பண்றது? மறுநா எப்படி வந்து அடுப்பப் பத்த வைக்கறது?"

அக்கா இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, மாவுபட்ட கையைக் கழுவி, டைனிங் ஹாலுக்கு நடந்தார். நடு மேஜையில் உட்கார்ந்தார்.

"இன்னா இருக்குது இன்னிக்கு?" என்று என்னிடம் கேட்டார், விருந்தாளி மாதிரியே.

நடு மேஜை விருந்தாளி

நான்தான் பரிமாறினேன். சூப். அப்புறம் கட்லெட். அப்புறம் ரோஸ்ட், கூடவே அந்த வெள்ளைக்காரச் சட்னியில் மிஞ்சியது கொஞ்சம். சூசை அண்ணா சமையலறைக் கதவின் மேல்பாதி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தட்டும் திரும்பி வரும்போது அதில் என்ன மிச்சம் என்று குனிந்து பார்த்தார். எதிலும் மிச்சமில்லை.

கடைசியாக கேரமல் கஸ்டர்ட். தட்டில் குலுங்கி நின்றது. அக்கா பாதி சாப்பிட்டார். ஸ்பூனை வைத்தார்.

சூசை அண்ணாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வெளியே வந்து மேஜைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனையோ பெரிய மனிதர்களின் மேஜைக்குப் பக்கத்தில் அவர் நின்று பார்த்திருக்கிறேன். அப்படி வியர்த்துப் பார்த்ததில்லை.

"உக்காருங்க" என்றார் அக்கா.

"நாங்க உக்காரக் கூடாது."

"அதுவும் நீங்களே போட்ட ரூல்ஸா?"

உட்கார்ந்தார்.

அக்கா கஸ்டர்ட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "இதை நீங்க சாப்ட்டுப் பாத்திருக்கீங்களா?"

"தெனமும் டேஸ்ட் பாக்கறனே."

"கரண்டி நுனியில நக்கறதைச் சொல்லல. இப்படி உக்காந்து, முழுசா."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார், இல்லை என்று. இந்த ஹாலின் நாற்காலி எப்படி இருக்கும் என்பதுகூட அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். உட்கார்ந்த இடத்தில் ஒரு தடவை அசைந்து பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

ஸ்பூனை எடுத்தார். ஒரு வாய். இன்னொரு வாய். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது. தட்டில் இருந்ததை மொத்தமும் தின்று முடித்து, ஸ்பூனை வைத்துவிட்டு, குற்றம் கண்டுபிடித்த ஆடிட்டர் மாதிரி நிமிர்ந்தார்.

"இனிப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

பிலோமினா அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்பாடா. எப்படிச் சொல்றதுன்னு நானும் அப்போலேர்ந்து பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், மேஜை விரிப்பின் நுனியை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளுக்கப் போட வேண்டியவள் நான்தான் என்றாலும், அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.